பட்டம் பெறுமுன் பார்க்கவேண்டிய கணக்கு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அரிசி வாங்கும்போதும், வீடு கட்டும்போதும், கலியாணப் பந்தலிடும்போதும் இவ்வாக்கை மறவாத நம்மவர், பிள்ளைகளின் படிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் அளவுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். கல்விக்குச் செய்யும் செலவு செலவாகாது என்பது எம்மிடையே ஊறிப்போன எண்ணம். அது உயர்ந்த எண்ணம் என்பதில் ஐயமில்லை. அவ்வெண்ணத்தின் பயனாகவே இன்று நாமும் ஓர் ஆசிரியராக நின்று இதனை எழுதுகின்றோம். ஆயினும், உயர்ந்த எண்ணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அதனைப் பாராது விட்டால், எண்ணியவர் ஒருவராகவும் இறுப்பவர் வேறொருவராகவும் முடிந்துவிடுகின்றது.

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே, காலை வேளை, எமது வீட்டு விறாந்தையில் இருவர் வந்து அமர்ந்தனர். ஒருவர் தோட்டக்காரர்; வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டு மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். மற்றவள் அவருடைய மூத்த மகள். உயர்தர வகுப்பிலே எம்மிடம் கணக்கீடு கற்று, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்றவள். பட்டயக் கணக்காளர் பரீட்சைகளில் ஒரு பகுதியைத் தேறி, நகரிலுள்ள கணக்காய்வு நிலையம் ஒன்றிலே பயிற்சியும் பெற்று வருபவள்.

அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. அவுஸ்திரேலியாவிலுள்ள பல்கலைக் கழகம் ஒன்று, தொழில்சார் கணக்கீட்டு முதுமாணிப் பட்ட வகுப்பில் அவளுக்கு இடமளித்திருந்தது.

"மாஸ்ரர், பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுது. வீட்டுக்குப் பின்னாலை கிடக்கிற ஆறு பரப்புக் காணியை ஈடு வைக்க ஆளும் பாத்திட்டன். நீங்கள் ஓமெண்டு ஒரு சொல் சொன்னால் காணும்" என்றார் தந்தை.

நாம் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இதற்கு முன்னர் ஒருமுறை இதே விறாந்தையிலிருந்து நாம் ஓமென்று சொன்னதுண்டு. அச்சொல்லின் பாரம் இன்னும் எம்மைவிட்டு இறங்கவில்லை.

அது 2021ஆம் ஆண்டின் இறுதி. கொள்ளை நோய்க் காலத்திலே மூடிக்கிடந்த அவுஸ்திரேலிய எல்லை, அவ்வாண்டு டிசெம்பர் 15ஆந் திகதி மாணவருக்குத் திறக்கப்பட்டது. எம்முடைய மாணவன் ஒருவனும் இதே முதுமாணி வகுப்புக்கு இடம் பெற்றிருந்தான். அவனும் தந்தையுமாக எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். நாம் ஓர் அரைத்தாளை எடுத்தோம். கட்டணத்தை அன்றைய நாணயமாற்று வீதத்தினால் பெருக்கினோம். சீவியச் செலவைக் கூட்டினோம். "கடினந்தான், ஆயினும் இயலும்" என்றோம். 2022 பெப்ரவரியிலே அவன் விமானமேறினான். முதல் அரையாண்டுக் கட்டணம் மாத்திரமே அப்போது செலுத்தப்பட்டிருந்தது.

மார்ச் மாதத்திலே ரூபா சரியத் தொடங்கிற்று. அதுவரை 200 ரூபாவை ஒட்டி நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்திலே 360 ரூபா அளவை எட்டிற்று. அவுஸ்திரேலிய டொலரும் உடன் ஏறிற்று. 10,000 அவுஸ்திரேலிய டொலர் அனுப்புவதற்குப் பெப்ரவரியிலே ஏறத்தாழப் பதினான்கரை இலட்சம் ரூபா போதுமாயிருந்தது; மே மாதத்திலே ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வேண்டியதாயிற்று. இடையிலே, ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கமே அறிவித்தது. நாடே கடனிறுக்க இயலாது நின்ற வேளையிலே ஒரு சிறு குடும்பம் என்ன செய்யும்? இருந்த காணியை அத்தந்தை விற்றார். மகன் அங்கே பண்டகசாலை ஒன்றில் இரவு வேலைக்குப் போனான். மாணவர் இத்தனை மணித்தியாலந்தான் வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாடு 2022 ஜனவரி முதல் 2023 ஜூன் வரை அந்நாட்டிலே தளர்த்தப்பட்டிருந்தது. அத்தளர்வு அவனுக்கு உணவளித்தது, உறக்கத்தைப் பறித்தது. இரண்டு பாடங்களில் அவன் தவறினான். தவறிய பாடத்தை மீண்டும் படிப்பதற்கு மீண்டும் கட்டணம் செலுத்தவேண்டும். அரையாண்டு பிந்தியே பட்டம் கைக்கு வந்தது.

அவன் ஒருநாளும் எம்மைக் குறைகூறியதில்லை. அதுவே எமக்கு வருத்தம். பரீட்சை மீதியின் இரு பக்கமும் பொருந்திவிட்டதனால் மட்டும் கணக்குச் சரியென்று கொள்ளலாகாது, ஏட்டிலே எழுதப்படாமலே விடுபட்ட கொடுக்கல் வாங்கலைப் பரீட்சை மீதி காட்டிக்கொடாது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகின்ற நாமே, அன்று அந்த அரைத்தாளில் ஒரு வரியை விட்டுவிட்டோம். வெளிநாட்டு நாணயத்திலே பட்ட பொறுப்பு, நாணய வீதம் மாறும்போது தானும் மாறும் என்பதே அவ்வரி. அதற்கெனக் கணக்கீட்டு நியமம் ஒன்று உண்டு. அதனை எழுதி வைத்திருந்த குறிப்புப் புத்தகமும் எமது மேசையிலேயே கிடந்தது.

ஆதலால் இம்முறை நாம் மெல்லவே தொடங்கினோம். "அண்ணை, காணியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இந்தப் பட்டம் எத்தகையது என்று மூவரும் விளங்கிக்கொள்வோம்" என்றோம்.

இம்முதுமாணிப் பட்டத்தைப் பற்றி எம்மவரிடையே ஒரு மயக்கம் உண்டு. முதுமாணி என்றவுடன், வணிகமாணியிலே கற்றதற்கு மேலான ஆழ்ந்த ஆராய்ச்சி என்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அவுஸ்திரேலியாவிலே இவ்வகுப்பு பெரும்பாலும் வேறு துறையிற் பட்டம் பெற்றவர்களைக் கணக்காளராக்குவதற்கென வகுக்கப்பட்டது. பொறியியல் கற்றவரும், தாவரவியல் கற்றவரும், இலக்கியம் கற்றவரும் இதிலே சேரலாம். நிதிக் கணக்கீடு, முகாமைக் கணக்கீடு, கணக்காய்வு, வரி, கம்பனிச் சட்டம், பொருளியல், புள்ளிவிபரவியல், நிதி முகாமை, தகவல் முறைமை ஆகியவற்றை அடிப்படையிலிருந்து இரண்டாண்டிலே கற்பிப்பார்கள். வேறு துறையிலிருந்து வருபவருக்கு இது சிறந்த பாலம். கணக்கீட்டிலேயே பட்டம் பெற்ற பிள்ளைக்கோ, ஏற்கெனவே ஏறிய படிகள் சில மீண்டும் எதிர்ப்படும்.

கற்ற பாடங்களுக்கு விலக்குக் கேட்கலாமே என்று கேட்கலாம். சில பல்கலைக் கழகங்கள் விலக்கு அளிக்கின்றன. படிப்புக் காலமும் கட்டணமும் குறைகின்றன. ஆனால், படிப்பு முடிந்தபின் அந்நாட்டிலே தங்கி வேலை செய்வதற்குரிய விசாவைப் பெறுவதற்கு அங்கே இரண்டு கல்வியாண்டுக் காலப் படிப்பு வேண்டும் என்று ஒரு விதி உண்டு. விலக்குப் பெற்று விரைவிலே முடித்தவர் அத்தகுதியை இழக்கவுங் கூடும். இதனை முன்கூட்டியே கேட்டறிபவர் மிகச் சிலர்.

இரண்டாவது மயக்கம் இதனினும் பெரிது. பட்டம் வேறு, தொழிற் தகைமை வேறு. பட்டத்தைப் பல்கலைக் கழகம் அளிக்கின்றது. கணக்காளர் என்ற தகைமையைக் கணக்காளரே கூடியமைத்த சபைதான் அளிக்கின்றது. இது இன்று நேற்று வந்த ஏற்பாடன்று. இரட்டைப் பதிவு முறையை விளக்கி லூக்கா பச்சியோலி என்ற துறவி எழுதிய நூல் 1494ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரத்தில் அச்சேறிற்று. வணிகர் அதற்கு முன்னரே அம்முறையைக் கையாண்டு வந்தனர். எனினும், பிறர் கணக்கை நம்பிப் பணம் போடுபவர் பெருகிய பின்னரே, கணக்குப் பார்ப்பவரின் நேர்மைக்கு யார் பிணை என்ற கேள்வி எழுந்தது. 1854ஆம் ஆண்டிலே எடின்பரோ நகரத்துக் கணக்காளர் சங்கம் அரச பட்டயம் பெற்றது. பட்டயக் கணக்காளர் என்ற பெயரின் தோற்றம் அதுவே. எமது நாட்டிலே 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினாலே பட்டயக் கணக்காளர் நிறுவனம் அமைக்கப்பட்டது. பரீட்சைகளோடு மூன்றாண்டுப் பயிற்சியையும் முடித்தவரையே அது அங்கத்தவராக ஏற்கின்றது.

அவுஸ்திரேலியாவிலும் நிலைமை இதுவே. முதுமாணிப் பட்டம் அங்குள்ள தொழிற் சபைகளின் வாசற்படி வரை கொண்டு சென்று விடும். உள்ளே புகுவதற்கு அச்சபைகளின் பரீட்சைகளைத் தேறவேண்டும். அனுபவமுள்ள ஒருவரின் வழிகாட்டலிலே மூன்றாண்டு வேலையும் செய்யவேண்டும். ஆகவே, இரண்டாண்டிற் கணக்காளர் என்று எண்ணிக் கணக்கிடுபவர் உண்மையிலே ஐந்தாண்டுக்கு அணித்தான பயணத்தைத் தொடங்குகின்றார். பயணம் நீண்டதென்பது குற்றமன்று. நீளத்தை அறியாது கட்டுச்சோறு கட்டுவதே குற்றம்.

இவ்வளவையும் கேட்டபின் அப்பெண்ணிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தோம். "பிள்ளை, நடுவிலே ஒரு கோடு கீறும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. உமது கையாலேயே எழுதும்" என்றோம்.

வலப்பக்கம் விரைவாக நிரம்பிற்று. கடிதத்திலே கண்ட படிப்புக் கட்டணம். சீவியச் செலவு. கட்டாயமாக எடுக்கவேண்டிய சுகாதாரக் காப்புறுதி. விமானச் சீட்டு. விசாக் கட்டணம். இக்கடைசிக் கட்டணத்தின் வரலாற்றை நாம் அவளுக்குச் சொன்னோம். 2024 ஜூன் முடியும்வரை 710 அவுஸ்திரேலிய டொலராக இருந்த மாணவர் விசாக் கட்டணம், 2024 ஜூலையிலே 1,600 ஆயிற்று. 2025 ஜூலையிலே 2,000 ஆயிற்று. விசா மறுக்கப்பட்டாலும் அப்பணம் திரும்பி வராது. சீவியச் செலவுக்கென ஒரு மாணவர் காட்டவேண்டிய ஓராண்டுத் தொகை, 2023 ஒக்டோபருக்கு முன்னர் 21,041 டொலர், பின்னர் 24,505, 2024 மே மாதத்திலே 29,710. இவை இனியும் மாறலாம். விண்ணப்பிப்பவர் அன்றன்றைய தொகையை அரசாங்க அறிவித்தலிலே தாமே பார்த்தல் வேண்டும். முகவர் வாய்மொழியை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "இன்னும் மூன்று வரி இருக்கிறது" என்றோம்.

முதலாவது, ஈட்டுக் கடனின் வட்டி. படிக்கும் இரண்டாண்டும், வேலை கிடைக்கும்வரை கழியும் காலமும் சேர்த்து அது எழுதப்படவேண்டும். இரண்டாவது, அமையச் செலவு. ஒன்றைத் தேர்ந்ததனாலே கைவிடப்பட்ட மற்றொன்றின் பெறுமதி அது. அவள் பயிற்சியிலே இன்னும் பதினான்கு மாதமே எஞ்சியிருந்தது. இப்போது சென்றால் அப்பயிற்சியும், தேறிய பரீட்சைகளின் தொடர்ச்சியும், மாதந்தோறும் கிடைக்கும் சிறு தொகையும் கைவிடப்படும். காசு கையை விட்டுப் போகாமையினால் இச்செலவை எவரும் எழுதுவதில்லை. மூன்றாவது, நாம் 2021இலே விட்டுவிட்ட அந்த வரி. கட்டணம் முழுவதையும் மூன்றுமுறை பெருக்கும்படி சொன்னோம்: இன்றைய வீதத்தினால் ஒருமுறை, அதனிலும் காற்பங்கு கூடிய வீதத்தினால் ஒருமுறை, 2022இலே நேர்ந்ததுபோல் வீதம் ஏறினால் வரக்கூடிய தொகைக்காக ஒருமுறை. மூன்றாவது தொகையைக் கண்டவுடன் தந்தையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கை வேலை செய்து கட்டலாமெண்டு எல்லாரும் சொல்லுகினமே, மாஸ்ரர்" என்றார்.

உண்மைதான், செய்யலாம். ஆனால் 2023 ஜூலை முதல், வகுப்பு நடைபெறும் காலத்திலே இரு வாரத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் மாணவர் வேலை செய்யலாகாது. அவ்வருமானம் உணவுக்கும் உறைவிடத்துக்கும் கைகொடுக்கலாம். படிப்புக் கட்டணத்தையும் அதன் தலையிலே சுமத்தி எழுதப்படும் கணக்கு, கணக்கன்று, கனவு.

இடப்பக்கத்தைப் பார்த்தோம். முதல் வரியிலேயே நிரந்தர வதிவுரிமை என்று எழுதியிருந்தாள். அதனை அடிக்கும்படி சொன்னோம். திடுக்கிட்டாள்.

"பிள்ளை, நிகழத்தக்க சொத்தைப் பற்றி நியமம் என்ன சொல்கிறது?" என்று கேட்டோம்.

"வருமென்பது ஏறக்குறைய நிச்சயமாகும்வரை ஏட்டிலே பதியக்கூடாது, சேர்" என்றாள். சொல்லும்போதே கோட்டைக் கீறி அடித்தாள்.

முன்மதி என்று நாம் வகுப்பிலே படிப்பிப்பது இதனைத்தான். வரக்கூடிய நட்டத்துக்கு இன்றே இடம் வைக்கவேண்டும். வரக்கூடிய இலாபத்துக்கு வந்தபின் இடம் வைக்கலாம். குடிவரவு விதிகளை வகுப்பது அந்நாட்டு அரசாங்கம். அது தன் தேவைக்கேற்ப மாற்றும். பட்டத்தின்பின் தங்கும் விசாவுக்குரிய வயதெல்லை 50 ஆக இருந்தது, 2024 ஜூலையிலே பெரும்பாலோருக்கு 35 ஆகக் குறைக்கப்பட்டது. இடை வயதிலே, குடும்பத்தை விட்டு, இவ்வகுப்பிலே சேர்ந்திருந்த எத்தனையோ பேருக்கு அது பேரிடியாயிற்று. எம் மாணவிக்கு வயது 26; அவளை அது தொடாது. எனினும், பிறர் கையிலுள்ள பேனாவால் எழுதப்படும் வரியை நம் ஏட்டிலே வரவாகக் காட்டலாகாது.

அடித்த வரி போக, இடப்பக்கத்திலே எஞ்சியவை குறைந்தவையல்ல. பலநாட்டு மாணவரோடு சேர்ந்து கற்றல். ஆங்கிலத்திலே அஞ்சாது பேசவும் எழுதவும் பழகுதல். மனனஞ் செய்யாது, ஒரு கம்பனியின் உண்மையான பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து முடிவு கூறும் பயிற்சி. உலகின் பல பாகங்களிலும் செல்லுபடியாகும் ஒரு பட்டம். இவையெல்லாம் மெய்யான வரவு. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடுவோமாயின் அதுவும் பொய்க்கணக்கே.

இந்த இடத்திலேதான் நாம் காணியைப் பற்றிக் கேட்டோம். "அண்ணை, அந்தக் காணி யார் பெயரிலே இருக்கிறது?"

"என்ரை பேரிலைதான், மாஸ்ரர்" என்றவர், சற்றுப் பொறுத்து, "சின்னவளுக்கெண்டு நினைச்சு வைச்சது" என்றார்.

கணக்கீட்டின் முதற் பாடம் எதுவென்று கேட்டால், பலர் வரவு செலவு என்பர். அதற்கும் முந்திய பாடம் ஒன்றுண்டு. எவருடைய ஏடு என்று முதலிலே எழுதவேண்டும். முதலாளியின் ஏடு வேறு. கடையின் ஏடு வேறு. ஒன்றின் பணத்தை மற்றொன்றின் பணமாக எழுதினால் மேற்கொண்டு எழுதுவதெல்லாம் பிழை. அந்தக் கொப்பியின் தலைப்பிலே மூத்தவளின் பெயர் இருந்தது. செலவுப் பக்கத்திலே நின்ற காணியோ இளையவளுக்கென வைத்தது. இளையவள் அவ்வாண்டு உயர்தர வகுப்பிலே படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்டிருக்கவில்லை. தமக்கை படித்து முடித்து உழைத்துத் தந்துவிடுவாள் என்பது பெற்றோரின் நம்பிக்கை. நம்பிக்கை நல்லதே. ஆனால் அது கடனாயின், கடனென்று எழுதப்படல் வேண்டும். யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பன வீட்டாரெல்லாரும் அறிய எழுதப்படல் வேண்டும். எழுதப்படாத கடன்களே எம்மூரிலே உடன்பிறந்தாரைப் பேசாதவராக்கியிருக்கின்றன.

மூத்தவள் கொப்பியை மூடிவிட்டு நிலத்தைப் பார்த்திருந்தாள். எமக்கும் அதற்குமேற் பேச மனம் வரவில்லை. முன்னர் சென்ற மாணவனுடைய தொலைபேசி இலக்கத்தை, அவனுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்று, அவளுக்குக் கொடுத்து அனுப்பினோம். அனுபவித்தவன் வாயால் அவள் கேட்பதே முறையென்று எமக்குத் தோன்றிற்று.

அடுத்த ஞாயிறு இருவரும் மீண்டும் வந்தனர். அவன் ஒரு மணித்தியாலம் பேசினானாம். நாம் எதிர்பார்த்தது போல் அவன் அப்படிப்பைப் பழிக்கவில்லை. "படிப்பு நல்லது, தங்கச்சி. எனக்கு அது கண்ணைத் திறந்தது. பிழைத்தது படிப்பல்ல, நான் போன விதம்" என்றானாம். இப்போது ஒரு சிறு நிறுவனத்திலே கணக்குப் பகுதியில் வேலை செய்கின்றான். தொழிற் சபையின் பரீட்சைகளில் இன்னும் இரண்டு எஞ்சியிருக்கின்றன. இதனை அவளிடமிருந்து கேட்டபோது எமது நெஞ்சம் சற்று இளகிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

அவன் மற்றொன்றும் சொல்லியிருந்தான். இரவு வேலையின் களைப்பிலே அவனோடிருந்த சிலர், கட்டுரைகளைப் பணங்கொடுத்துப் பிறரைக்கொண்டு எழுதுவித்தனராம். அவனையும் அழைத்தனராம். அவன் போகவில்லை, பாடத்திலே தவறினான். அவுஸ்திரேலியாவிலே இவ்வாறு பிறருக்கு எழுதி விற்பதைத் தடைசெய்து 2020ஆம் ஆண்டிலே சட்டமே இயற்றியிருக்கின்றனர். சட்டம் இருக்கட்டும். 2001ஆம் ஆண்டிலே என்ரோன் என்ற பெருங் கம்பனி வீழ்ந்தபோது, அதன் கணக்கைப் பார்த்த ஆர்தர் அண்டர்சன் என்ற உலகப் புகழ்பெற்ற நிலையமும் அடுத்த ஆண்டே சரிந்தது. அங்கே கெட்டிக்காரருக்குப் பஞ்சமிருக்கவில்லை. கணக்காளரிடம் உலகம் விலைகொடுத்து வாங்குவது அவர் கையொப்பத்தின் உண்மையை. பாடத்திலே தவறியும் பிறர் எழுத்தைத் தன்னதென்று கொடாத அம்மாணவன், பட்டம் கிடைக்குமுன்னரே கணக்காளனாகிவிட்டான் என்று நாம் கருதுகின்றோம்.

பெண் தன் முடிவைச் சொன்னாள். எஞ்சிய பதினான்கு மாதப் பயிற்சியை முடிப்பது. எஞ்சிய பரீட்சைகளை எழுதுவது. அதன்பின் உழைத்துச் சிறிது சேர்த்துக்கொண்டு, விரும்பினால், காணியைத் தொடாது செல்வது. தந்தைக்கு முகம் சற்று வாடியே இருந்தது. இனத்தவர் வீட்டிலே பிள்ளைகள் போய்விட்டனர். அவர் அதனை நினைத்திருப்பார். "அப்பா, நான் போகமாட்டன் எண்டு சொல்லேல்லை. கணக்குப் பாத்துப் போவம் எண்டுதான் சொல்லுறன்" என்றாள் அவள். வாசலிலே செருப்பை மாட்டும்போது அவர் எம்மைத் திரும்பிப் பார்த்து, "காணிக்குத் தண்ணி கட்டவேணும், நேரமாச்சு" என்றார். அதிலே ஓர் ஆறுதலும் இருந்ததாகவே எமக்குப் பட்டது.

அவள் முடிவு எல்லார்க்கும் பொருந்தும் என்று நாம் கூறவரவில்லை. பௌதிகம் கற்ற பட்டதாரி ஒருவர், தம் சேமிப்போடு, கணக்கீட்டுத் துறைக்கு மாற விரும்பினால், இம்முதுமாணி வகுப்பு அவருக்கு மிக ஏற்றதாகலாம். புலமைப் பரிசில் பெற்றவருக்குக் கணக்கே வேறு. ஒவ்வொருவர் ஏடும் ஒவ்வொரு விதம். ஏடு எழுதாமற் செல்லலாகாது என்பது மட்டுமே பொது.

மாணவர்களுக்கு இறுதியாக ஒரு சொல். கடல் கடக்கும் நாள் வரும்வரை வாளாவிருக்க வேண்டுவதில்லை. அவுஸ்திரேலியா 2005ஆம் ஆண்டிலும் எமது நாடு 2012ஆம் ஆண்டிலும் சர்வதேச நிதியறிக்கை நியமங்களைத் தழுவித் தத்தம் நியமங்களை அமைத்துக்கொண்டன. அங்கே வேறுபடுவன பெரும்பாலும் வரியும் சட்டமும். ஆகவே, நிதிக் கணக்கீட்டை இங்கே செவ்வனே கற்பவர் அங்கே பின்தங்கமாட்டார். கொழும்புப் பங்குச் சந்தையிலே பதிவு பெற்ற கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதத்துக்கு ஒன்றையாவது எடுத்து, இலக்கங்களை மட்டுமன்றி அவற்றின் அடியிலுள்ள குறிப்புக்களையும் ஆங்கிலத்திலே படியுங்கள். படித்ததை அரைப் பக்கத்திலே உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். முதுமாணி வகுப்பிலே உங்களிடம் கேட்கப்போவது பெரும்பாலும் இதுவே.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் கையிலே ஒரு கொப்பியைக் கொடுங்கள். நடுவிலே கோடு கீறச் சொல்லுங்கள். தலைப்பிலே யாருடைய ஏடு என்று எழுதச் சொல்லுங்கள். அதனை எழுதும்போது இளையவர்களையும் அருகிலே இருத்திக்கொள்ளுங்கள். எமது வீட்டு விறாந்தைக்கு வருவது அதன்பின் ஆகட்டும். அப்போது எம்முடைய ஓம் என்ற சொல் உங்களுக்குத் தேவைப்படாமலும் போகலாம்.